முற்றம் தாண்டிய குட்டிகள்

நீவெஸுக்குக் குழப்பம் பிறவியிலேயே வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொல்பவர்களில் முதல் ஆள் அவளுடைய புருஷன் எஜீதியோ. கல்யாணத்தன்று கோயிலில் பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டபோது, "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டவள் அவள் என்பது, முப்பது வருஷமாக அவன் ஒயின் கடையில் சொல்லி வரும் கதை. அது நடந்ததா, இவன் இட்டுக்கட்டியதா என்று அவளிடமே விசாரித்தால், "நடந்திருக்கும். எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்பாள்.

இளவயதில் அவள் மலையடிவாரத்து ஊரில் பனிச்சறுக்குக் காலணி செய்யும் தொழிற்சாலையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம் என்று வரிசையாக வரும். நீவெஸுக்கு அந்த இரண்டு பக்கமும் எப்போதும் தகராறு. மேஸ்திரி நல்ல மனிதர். அவளுக்காக மேசையின் ஒரு விளிம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அப்புறம் முதலாளிகள் தொழிற்சாலையையே மூட்டை கட்டிக்கொண்டு ருமேனியாவுக்குப் போய்விட்டார்கள். அதற்கும் தானேதான் காரணமோ என்று கொஞ்ச காலம் யோசித்துப் பார்த்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

எஜீதியோவின் அப்பா அவனுக்கு விட்டுப்போனது இரண்டு முயல் கொட்டகைகள். ஒன்று சாலையோரம், இன்னொன்று முற்றத்துக்கு அந்தப் பக்கம், கால்வாயை ஒட்டி. ரோட்டுக் கொட்டகை, கால்வாய்க் கொட்டகை என்பதுதான் பெயர். வேலை போனதும் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் உள்ளே நுழைந்தவள் அப்புறம் வெளியே வரவில்லை. காரணம் எளிது. உலகத்தில் அந்த இரண்டு கொட்டகைக்குள் மட்டும் அவளுக்குக் குழப்பம் கிடையாது.

தாய்முயல் நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். காலையில் நீவெஸ் கூட்டுப்பெட்டிகளின் கதவை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவாள். தாய்கள் உள்ளே குதிக்கும், கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது என்று வெளியே குதிக்கும். பிறகு அவள் கையை விட்டுக் குட்டிகளைத் தடவிப் பார்ப்பாள். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்பது விரலுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவளிடம் இடது எது என்று கேட்டால்கூடச் சரியாகச் சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

வளர்ப்பதெல்லாம் இறைச்சிக்குத்தான். லாரி வரும் நாளில் கண்ணைக் கசக்குகிறவள் அல்ல அவள். ஞாயிற்றுக்கிழமை அதே முயலை ரோஸ்மேரி போட்டு வதக்கி, சுடச்சுடப் பொலெந்தா என்னும் சோளக்களி கிளறிப் பக்கத்தில் வைப்பவள் அவள்தான். ஆனால் லாரி வருவதற்கு முன்னாலேயே சாகிற குட்டி வேறு விஷயம். அதை அவளால் தாங்க முடியாது. பதுவா நகரத்தில் படிக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "இதுல என்ன நியாயம் சித்தி?" என்று கேட்டாள். நீவெஸ், "தெரியலடி. ஆனா அப்படித்தான் இருக்கு" என்றாள்.

அந்தச் சாவுதான் இரண்டு வருஷமாக வந்து உட்கார்ந்திருந்தது. பால் மறந்த குட்டி, நேற்றுவரை துள்ளியது, இன்று ஒரு மூலையில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்காரும். வயிறு உப்பிவிடும். கழிச்சல் சளி மாதிரி போகும். மறுநாள் வாளிக்குள் கிடக்கும். முன்பெல்லாம் தண்ணீரில் மருந்தைக் கலந்துவிட்டால் அடங்கிவிடும். இப்போது முயல் வாங்குகிறவர்கள் மருந்து தின்ற முயல் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் நீவெஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்து வருவதை எஜீதியோ சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பான். ஒரு நாள் சொல்லிவிட்டான்.

"கோடை முடிஞ்சதும் மூடிடலாம்டி. கூண்டையெல்லாம் பிரிச்சுட்டு, ஊர் சுத்தறவங்களோட கேம்பர் வண்டிய நிறுத்த வாடகைக்கு விட்டுடறேன். வண்டிக்கு வயிறு உப்பாது."

நீவெஸ் வாளியைக் கழுவப் போனாள். தனக்குத் தெரிந்த ஒரே இடத்தையும் எடுத்துவிட்டால், பிறகு தான் எங்கே போய் நிற்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தீவன ஆலையிலிருந்து லோரிஸ் வந்தான். ஆலைக்காகப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்க்கிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். ஒரு சின்னப் பையைப் பிரித்து மேசைமேல் வைத்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடி.

"இது மருந்து இல்லக்கா. புரோபயாட்டிக். நல்ல கிருமி."

"கிருமியக் கொல்றதுக்குத்தானே தம்பி இத்தனை வருஷமா மருந்து போட்டோம்?"

"அது கெட்ட கிருமிய."

"நல்லது எது, கெட்டது எதுன்னு மருந்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது. எல்லாத்தையும் சேத்துத்தான் கொன்னுது. தயிர்ல இருக்குல்ல, அந்த மாதிரி நல்லதை நாம திரும்ப உள்ள அனுப்பறோம். நல்லது போய் எடத்தைப் புடிச்சுக்கும். கெட்டதுக்கு உக்கார எடம் இருக்காது."

நீவெஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இப்போது எஜீதியோ பிடித்துக்கொண்டான்.

"ஆலையில தீவனத்த ஆவியில வேகவெச்சு உருட்டறீங்க. அந்தச் சூட்டுல எங்க மாமியாரே பொழைக்க மாட்டா. உன் கிருமி எப்படிப் பொழைக்கும்?"

"எங்க அம்மாவ ஏன் இழுக்கற?" என்றாள் நீவெஸ்.

"அது ஒரு ஓட்டுக்குள்ள தூங்கிட்டிருக்கும்ண்ணே. வயித்துக்குள்ள போனதும் முழிச்சுக்கும்."

"தூங்குதா, செத்துப்போச்சான்னு எப்படித் தெரியும்?"

"முழிச்சுதுன்னா தூங்கிட்டிருந்துதுன்னு அர்த்தம்."

"முழிக்கலைன்னா?"

லோரிஸ் பையின் வாயை மடித்துக் கட்டினான். எஜீதியோ கிராப்பா சாராயப் பாட்டிலை எடுத்து அவனுக்குக் கொஞ்சம் ஊற்றினான். எஜீதியோ கெட்டவன் அல்ல. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான், பார்த்த பிறகும் கொஞ்சம் யோசிப்பான், அவ்வளவுதான்.

"இப்படிப் பண்ணு" என்றான். "தீவனம் கொட்டி வெக்க ரெண்டு கொட்டகைக்கும் தனித்தனி சைலோ இருக்கு. ரோட்டுக் கொட்டகை சைலோவுக்குப் பொடி கலந்த தீவனம் அனுப்பு. கால்வாய்க்குச் சாதாத் தீவனம். போட்டது பொழைச்சு, போடாதது செத்தா, பொடிய நம்பறேன், கொட்டகை இருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னா கோடையோட மூடிடறேன். என்னடி நீவெஸ், சம்மதமா?"

"எதுக்கு?" என்றாள் அவள். எஜீதியோ லோரிஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஆனால் அவளுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. சம்மதம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

தீவனம் வந்தது. இரண்டிலும் ஒவ்வொரு தீவனக் குச்சியை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். இரண்டிலும் குதிரைமசால் வாசனைதான். எந்தக் குச்சிக்குள் கிருமி தூங்குகிறது என்று நாக்குக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வனத்து அந்தோனியார் திருநாள் வந்தது. ஆடுமாடுகளுக்கு அவர்தான் பொறுப்பு. எஜீதியோவின் அக்கா பெர்த்தில்லா கோயிலில் மந்திரித்த உப்பையும், காலடியில் பன்றி நிற்கிற அவருடைய படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் நேரே கால்வாய்க் கொட்டகைக்குள் போய் ஆணி அடித்துப் படத்தை மாட்டிவிட்டாள்.

"ஐயோ அண்ணி, அங்க மட்டும் ஏன் மாட்டினீங்க? சோதனை நடக்குது."

"ரோட்டுக் கொட்டகைக்குத்தான் பொடி இருக்கே. இதுங்களுக்கு ஒரு ஆள் வேணாமா?"

எஜீதியோவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இருக்கட்டும். பொடியா சாமியான்னு பாத்துடலாம்" என்றான்.

இரண்டு கொட்டகையிலும் தாய்முயல்கள் ஒரே வாரத்தில் குட்டி போட்டன. குட்டிகள் வளர்ந்தன, கண் திறந்தன, தீவனம் கொறித்தன, பால் மறந்தன. வாளி நிறையும் காலம் வந்தது. நீவெஸ் முதலில் ரோட்டுக் கொட்டகைக்குள் போனாள். மறுநாளும் போனாள். அந்த வாரம் முழுக்கப் போனாள். வாளியில் ஒன்றிரண்டு விழுந்தன, அவ்வளவுதான். மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடிக்கும் சத்தமே இல்லை. அவள் வாசலில் நின்று, "எஜீதியோ, பொழைச்சுது!" என்று கத்தினாள். பிறகு கால்வாய்க் கொட்டகைக்கு ஓடினாள். அங்கேயும் வாளி கிட்டத்தட்டக் காலி.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவள் முற்றத்தின் நடுவில் இரண்டு வாளியையும் வைத்துக்கொண்டு நின்றாள். எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது, எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை.

"வித்தியாசம் இல்ல" என்றான் எஜீதியோ.

"சாவு நின்னுதுல்ல?"

"நின்னுது. ஏன் நின்னுது, சொல்லு."

"பொடி..."

"கால்வாய்க்குப் பொடி போடலையே."

"அப்போ சாமி."

"ரோட்டுக்குச் சாமி இல்லையே."

"ஒரு பக்கம் பொடி, ஒரு பக்கம் சாமின்னு இருக்கக்கூடாதா?"

"நீவெஸ், நீயே கொஞ்சம் யோசிச்சுப் பாரு. சொல்லாம வந்த சீக்கு, சொல்லாம போயிருக்கு. சொல்லாமலே திரும்பியும் வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னா மூடறதுன்னு பேசினோம். பேச்சு மாறக்கூடாது."

ஊர் முழுக்க இதே பேச்சு. ஒயின் கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். காற்று ரோட்டுப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது, பொடி பறந்து போயிருக்கும் என்றார் ஒருவர். இந்த வருஷக் குளிர் குளிரே இல்லை, அதனால்தான் என்றார் இன்னொருவர். பெர்த்தில்லா மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்தாள். எது எப்படிப் போனாலும் அவள் சாமி பக்கம். நீவெஸ் ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றியது.

அதைவிடக் குழம்பிப் போனவன் லோரிஸ். பொடி வேலை செய்யவில்லை என்றால் அவனுக்குப் புரியும், செய்தது என்றாலும் புரியும். போடாத இடத்திலும் வேலை செய்தது என்று ஆலையில் போய் எப்படிச் சொல்வான்? சைலோவில் தீவனம் மாறி விழுந்துவிட்டதா என்று விசாரித்தான். மாறவில்லை. தண்ணீரைச் சோதித்தான். அதிலும் ஒன்றுமில்லை. அடுத்த ஈற்று நடந்த மறுநாள் காலையில் மறுபடியும் வந்தான். நீவெஸ் கால்வாய்க் கொட்டகையில் கூட்டுப்பெட்டிகளுக்கு நடுவே வேலையாக இருந்தாள். எஜீதியோ ஒரு கூண்டின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"போன ஈத்துல இந்தக் கொட்டகையில வித்தியாசமா ஏதாவது செஞ்சீங்களாக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யல தம்பி. எப்பவும் செய்யறதுதான்." சொல்லிக்கொண்டே ஏப்ரன் பையிலிருந்து மூன்று குட்டிகளை எடுத்தாள்.

"அது என்ன?"

"எது?"

"கையில."

"குட்டி."

"அது தெரியுது. எங்கேர்ந்து வந்துது?"

"ரோட்டுக் கொட்டகையிலேர்ந்து."

லோரிஸின் மப்ளர் தோளிலிருந்து நழுவியது. அவன் அதை எடுக்கவில்லை.

"அங்க இருக்கறது எல்லாம் ரெண்டு மூணு ஈத்துப் பாத்த தாயிங்க, பன்னெண்டு பதிமூணுன்னு போட்டுடும்" என்று நீவெஸ் பொறுமையாக விளக்கினாள். "இங்க எப்பவும் தலைச்சனைத்தான் விடுவேன். ஆறு, ஏழுதான் போடும். காம்பு சும்மா கெடக்கு. அதான் அங்க மிஞ்சினதை இங்க வெச்சு எல்லாத்தையும் சமம் பண்ணிடுவேன். இதுல என்ன இருக்கு? எல்லாரும் செய்யறதுதானே."

"போன ஈத்துலயும் பண்ணீங்களா?"

"எல்லா ஈத்துலயும்தான்."

"அது என்ன, கூடவே பஞ்சு மாதிரி?"

"அதுங்க கூட்டுலேர்ந்து ஒரு கைப்பிடி. முற்றத்தைத் தாண்டறப்ப குளிரும்ல. அதோடவே இங்க வெச்சுடுவேன்."

லோரிஸ் அந்தக் கைப்பிடியை வாங்கி விரித்துப் பார்த்தான். தாயின் வயிற்று ரோமம், மரச்சீவல், அதற்குள் மிளகு அளவில் நாலைந்து புழுக்கை. அதைப் பார்த்துக்கொண்டே கூண்டுத் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு சொன்னான்: தாய் கூட்டுக்குள் போட்டுவிட்டுப் போகிற புழுக்கையைக் குட்டிகள் கொறிக்கும். தாயின் வயிற்றில் இருக்கிற கிருமி அப்படித்தான் குட்டியின் வயிற்றுக்குப் போகும். ரோட்டுக் கொட்டகைத் தாய்கள் பொடி தின்றவை.

"அய்யே" என்றாள் நீவெஸ்.

"அப்போ பொடிதான் ரெண்டு கொட்டகையையும் காப்பாத்திச்சா?" என்று கேட்டான் எஜீதியோ.

"இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"இருக்கலாம்ண்ணே."

"அப்போ சோதனைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல." எஜீதியோ கம்பியைக் கீழே போட்டான். "இவ ஏப்ரன்ல போட்டு ரெண்டையும் கலக்கி வெச்சிருக்கா."

நீவெஸுக்குக் காது சூடேறியது. கையில் மூன்று குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷமாக மூச்சு விடுவதுபோல் செய்து வந்த ஒன்று. அதைச் செய்ததாகவே அவள் நினைத்ததில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொன்னது பொய்யா, நிஜமா?

"சரி" என்றான் எஜீதியோ. "இந்த ஈத்துல ஒழுங்கா நடக்கட்டும். ஒரு குட்டி முற்றத்தைத் தாண்டக்கூடாது. ஒரு துரும்பு தாண்டக்கூடாது. அதையெல்லாம் கொண்டுபோய் எடுத்த எடத்துலயே வை. பேசினது பேசினதுதான். வித்தியாசம் தெரிஞ்சா கொட்டகை இருக்கும். தெரியலைன்னா மூடிடறேன்."

அவள் குட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு முற்றத்தைத் திரும்பத் தாண்டினாள். தாண்டும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கொட்டகை பிழைக்க வேண்டும் என்றால் கால்வாய்க் குட்டிகள் சாக வேண்டும். அதுதான் வித்தியாசம். வேறு வித்தியாசம் எதுவும் கணக்கில் வராது.

அன்று மாலை கால்வாய்க் கொட்டகையில் அந்தோனியார் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ரோட்டுக் குட்டிகள் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் போதாது. இதுங்க சாகட்டும் என்றும் கூடவே கேட்க வேண்டும். அதுவும் இந்தக் கொட்டகைக்குள்ளேயே, அதுங்க காதுபடவே நின்றுகொண்டு. சாமி தாடியோடு பார்த்தார், பன்றியும் பார்த்தது. "நான் என்ன கேக்கறதுன்னு எனக்கே தெரியல. நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

சீக்கு வருவதற்கு இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. பசிதான் முதலில் வந்தது. ரோட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு, பதிமூன்று வாய்கள் எட்டுக் காம்புக்கு முட்டி மோதின. பலமுள்ளது குடித்தது. மிஞ்சியவை கூட்டின் ஓரத்துக்கு ஒதுங்கின. நீவெஸ் விரலை வைத்துப் பார்த்தாள். வயிற்றுத் தோல் சுருங்கிக் கிடந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் தலைச்சன் தாய்கள் பால் கட்டிப்போய் இருந்தன.

"எஜீதியோ, ஓரத்துல இருக்கறது தாங்காது."

"சோதனைன்னா சோதனை. நீ கேட்டதுதானே."

"நான் எங்க கேட்டேன்? நீதானே கேட்ட!"

"யாரு கேட்டா என்ன? ஒண்ணைத் தாண்டவிட்டா எல்லாம் போச்சு."

"மூஞ்சியப் பாத்தா அப்பாவி மாதிரி இருக்கு, மனசு மட்டும் கல்லு."

"எங்க அப்பாவுக்கும் கல்லுதான்."

அவளால் அங்கே இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பெர்த்தில்லா வீட்டுக்குப் போனாள். அங்கே ராதிக்கியோ கீரையின் அழுகின இலையை உரித்துக்கொண்டே மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். நல்ல இலையையும் சேர்த்து உரித்துப் போட்டாள் என்று பெர்த்தில்லா இன்றைக்கும் சொல்கிறாள்.

திரும்பி வந்து ரோட்டுக் கொட்டகைக்குள் போனதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடுகளின் ஓரத்தில் ஒன்றுமில்லை. மெலிந்த குட்டிகள் ஒன்றுகூட இல்லை. வாளியிலும் இல்லை. வெளியே வந்து பார்த்தாள். வாசலில் எஜீதியோவின் பூட்ஸ் கிடந்தது, கணுக்கால்வரை கால்வாய்ப் பக்கத்துச் சேறு. மிஞ்சிய குட்டிகளைக் கழுத்தைத் திருகிக் கரையில் புதைப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. அவன் அப்பா செய்வார். நீவெஸ் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நின்றது.

அவள் சமையலறைக்குள் போனபோது அவன் பீன்ஸ் சூப்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தான்.

"கொலைகாரா" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். கரண்டியை வைக்கவில்லை.

"உனக்குக் கொட்டகைய மூடணும், அவ்வளவுதானே? மூடிட்டுப் போ. அதுக்கு அதுங்க கழுத்தைத் திருகணுமா? உங்க அப்பாவுக்குப் பொறந்தவன்தானே நீ! எத்தனை வருஷம் உன்கூட ஒரே கட்டில்ல படுத்தேன்னு நெனச்சா உடம்பு கூசுது."

இன்னும் என்னென்னவோ சொன்னாள். அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு சொல்கூடக் குழம்பாமல் வந்தது. எஜீதியோ வாயைத் திறக்கவில்லை. சூப்பை இரண்டு தட்டில் ஊற்றினான், தன்னுடையதைக் குடித்தான், அவளுடையதின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினான், போய்ப் படுத்துவிட்டான். அவள் கூடத்து சோபாவில் படுத்தாள்.

காலையில் அவள் கால்வாய்க் கொட்டகையைத்தான் முதலில் திறந்தாள். ரோட்டுக் கொட்டகையைப் பார்க்க மனம் வரவில்லை. முதல் பெட்டியின் கதவைத் தூக்கினாள். தாய் உள்ளே குதித்தது, பால் கொடுத்து முடித்ததும் வெளியே குதித்தது. கையை விட்டாள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தது. மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான். தான் எண்ணுவதில்தான் கோளாறோ என்று அடுத்த பெட்டியைத் திறந்தாள். அதிலும் மூன்று அதிகம். அதற்கடுத்ததில் இரண்டு. கால்வாய்க் கொட்டகைக் கூடுகளுக்கு வைக்கோல்தான் போடுவது. இந்தக் கூடுகளில் வைக்கோலுக்கு மேலே, குட்டிகளோடு சேர்ந்து, ஒவ்வொரு கைப்பிடி மரச்சீவல் கிடந்தது. சுருங்கிக் கிடந்த வயிறெல்லாம் இறுகிப்போயிருந்தது.

அவள் கொட்டகை நடுவில் அப்படியே நின்றாள். இது நடந்திருக்க முடியாது. நடந்திருக்கிறது. செய்திருக்கக்கூடியவன் ஒருவன்தான். அவன் செய்திருக்க மாட்டான். அந்தோனியார் படத்தை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தாள். சாமிக்கு மரச்சீவல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

சமையலறையில் எஜீதியோ காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

"யாரு மாத்தினது?"

"எதை?"

"எஜீதியோ."

"முயலுக்குக் கால் இருக்குல்ல. நடந்து போயிருக்கும்."

"கண்ணு தெறக்காத குட்டி, பெட்டியத் தெறந்துக்கிட்டு, முற்றத்தைத் தாண்டி, சீவலையும் எடுத்துக்கிட்டு நடந்து போச்சா?"

அவன் ரொட்டியைப் பிய்த்தான். "ஓரத்துல கெடந்து வாயத் தெறந்து தெறந்து மூடுது. அந்தப் பக்கம் அதுங்க பாலை வெச்சுக்கிட்டு முழிக்குதுங்க. நடுவுல ஒரு முற்றம். நான் என்னடி பண்ண?"

"அப்போ சோதனை?"

"போச்சு."

"பொடி நல்லதா, இல்லையா?"

"தெரியாது. இனி தெரியவும் தெரியாது."

"அப்போ கொட்டகை?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து லோரிஸைக் கூப்பிட்டான். அடுத்த லோடிலிருந்து இரண்டு சைலோவுக்கும் பொடி கலந்து அனுப்பச் சொன்னான். அந்தப் பக்கம் லோரிஸ் பதறுவது அவளுக்கே கேட்டது: எந்த முடிவை வைத்து அண்ணே? ஆலையில் என்ன சொல்வது? "முடிவு கெடக்குடா. குட்டிங்க உயிரோட கெடக்குதுங்கல்ல, அதை வந்து பாரு" என்று போனை வைத்துவிட்டான்.

நீவெஸ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கவிழ்த்த தட்டுக்கு அடியில் நேற்றைய சூப் அப்படியே இருந்தது. நேற்றுச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை.

"நேத்து உன்ன அந்தத் திட்டுத் திட்டினேனே. கொலைகாரன்னேன். உங்க அப்பாவ இழுத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஏன் வாயத் தெறக்கல?"

"தெறந்திருந்தா நீ ஜெயிச்சிருப்ப" என்றான் எஜீதியோ, ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே.